துட்டி அண்ணாச்சியின் லேசான வண்டி

எமனுக்கு எருமை வாகனம் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால் நம்பிக்கொண்டிருங்கள். அறுபதுகளில் தாராவியில் குடியிருந்த எந்தத் திருநெல்வேலிக்காரரைக் கேட்டாலும் வேறு மாதிரிதான் சொல்லுவார். எமன் மோட்டார் சைக்கிளில் வருவான். காக்கிச் சட்டை போட்டிருப்பான். ஐம்பத்தெட்டு வயது. வாயில் வெற்றிலை. சயானுக்குப் போகிற ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். முட்டி வலி உண்டு.

அவரைத்தான் நாங்கள் துட்டி அண்ணாச்சி என்போம். துட்டி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் சாவுத் துக்கம், சாவுச் செய்தி எல்லாம்தான். ஒரு வீட்டில் உயிர் போனால் முதல் வேலை சொந்தக்காரர்களுக்குத் துட்டி சொல்ல ஆள் அனுப்புவது. ஊரில் என்றால் பக்கத்துத் தெரு, மிஞ்சினால் அடுத்த கிராமம். பம்பாயில் அண்ணன் தாராவியில் இருப்பான், தங்கச்சி செம்பூரில் இருப்பாள், சித்தப்பா மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், மகள் அம்பர்நாத்தில். டெலிபோன் என்பது ஆபீசில் மேனேஜர் மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புச் சாமான், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஐஸ் வைத்துக் காத்திருக்கிற வசதியும் கிடையாது. விளக்கு வைப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். வர வேண்டியவர்கள் அதற்குள் வந்து முகம் பார்த்தாக வேண்டும். அப்படி முகம் பார்க்கத் தவறியவர்கள், தாங்கள் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள்.

ஆகவே, யார் வீட்டில் உயிர் போனாலும் ஆள் முதலில் ஓடுவது பஞ்சர் கடைக்கு. அண்ணாச்சி கையிலிருக்கும் டியூபை அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, கடை வாசலில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இதற்கு யாரிடமும் ஒன்றும் வாங்கமாட்டார். பஞ்சர் ஒட்டக் கொடுத்தவன் நடந்தே வேலைக்குப் போவான், ஆனால் முணுமுணுக்கமாட்டான். நாளைக்கு அவன் வீட்டுக் காரியத்துக்கும் இவர்தானே போக வேண்டும்?

ரயிலில் ஆள் அனுப்பினால் என்ன என்று கேட்காதீர்கள். ரயிலில் போகிறவன் ஒரு வீட்டுக்குச் சொல்லுவான். அண்ணாச்சி ஒரே மூச்சில் செம்பூர், தானா, கல்யாண், அம்பர்நாத் என்று நாலு ஊரை முடித்துவிட்டு வந்து மிச்சப் பஞ்சரையும் ஒட்டுவார். யுத்த காலத்தில் பட்டாளத்தில் அவருக்கு இதே வேலைதான். பர்மா எல்லையில் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோவார். கொடுப்பார், சல்யூட் அடிப்பார், திரும்புவார். கடிதத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டி ஏலம் விட்ட வண்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு பம்பாயில் வந்து இறங்கினார். இங்கிலீஷ்காரன் செய்த வண்டி. இரண்டு பேர் சேர்ந்தால் கொஞ்சம் நகரும், மூன்று பேர் சேர்ந்தால் நன்றாக நகரும்.

அந்த வண்டியின் சத்தம் இருக்கிறதே! 'டுப்... டுப்... டுப்...' என்று ஒவ்வொரு அடியாக யோசித்து யோசித்து வரும். சந்து முனையில் அது கேட்டதுமே பெண்கள் அடுப்பை அணைப்பார்கள். எந்த வீட்டு வாசலில் நிற்கப் போகிறதோ என்று எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். தங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் ஒரு பெருமூச்சு. எந்த வீட்டு முன்னால் வேகம் குறைகிறதோ அந்த வீட்டில் அழுகை ஆரம்பமாகிவிடும். யார் செத்தது என்பதெல்லாம் அப்புறம். அண்ணாச்சி எஞ்சினை நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, விறைப்பாக நின்று மூன்றே விஷயம் சொல்லுவார்.

"ஆவுடையம்மா. காலைல ஏழரை. எடுக்கது நாலு மணி."

சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். உட்காரமாட்டார், பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். இருபது வருஷத்தில் அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அண்ணாச்சியும் மனுஷன்தானே? மீன் வாங்கப் போக வேண்டும், முடி வெட்டிக்கொள்ளப் போக வேண்டும். வண்டியில் போனால் வழியெல்லாம் ஒப்பாரி. ஒரு தடவை மண்ணெண்ணெய் வாங்க லேபர் கேம்ப்புக்குப் போனவரைச் சுற்றி நாலு குடும்பம் உட்கார்ந்து அழுதுவிட்டது. அன்றிலிருந்து அவராக ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். சாவுச் செய்தி என்றால் ஓட்டிக்கொண்டு வருவார். சும்மா வந்தால் மெயின் ரோட்டிலேயே எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். எங்கள் ஆட்கள் இருந்த பேட்டை எல்லாவற்றுக்கும் இது தெரியும். வியர்வை சொட்டச் சொட்ட அண்ணாச்சி அந்த இரும்பு மலையைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தால் எல்லோருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணாச்சி சும்மாத்தான் வாராரு!" என்று சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும்.

ஐம்பத்தாறு வயது வரைக்கும் தள்ளினார். அப்புறம் முட்டி வீங்கியது. அதைத் தொடர்ந்து விரல்கள். காலையில் எழுந்ததும் கையை மூட வராது. வெந்நீரில் அரை மணி நேரம் வைத்திருந்தால்தான் டூத் பவுடர் டப்பாவைத் திறக்க முடியும். சயான் பக்கத்து டாக்டர் ஒருவர் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, கீல்வாதம், மோட்டார் சைக்கிளை விட்டுவிடு என்றார். அண்ணாச்சி டாக்டரை விட்டுவிட்டார். முடக்கத்தான் தோசையாகத் தின்றார். ஒரு மைல் தூரத்துக்குத் தைல வாடை அடித்தது. அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். மதினி என்னிடம் ஒருநாள் சொன்னாள்:

"ஊரு சாவெல்லாம் இவரு முட்டிலதான் ஏறி ஒக்காந்திருக்கு தம்பி. எறங்கச் சொன்னா எறங்குமா?"

அந்தச் சமயம் பார்த்து செம்பூரில் ஒரு கல்யாணம். அண்ணாச்சிக்கும் பத்திரிகை வந்திருந்தது. முட்டி வலி உச்சத்தில் இருந்த நாள். மெயின் ரோட்டிலிருந்து கல்யாண வீடு வரைக்கும் வண்டியைத் தள்ள முடியாது. போகட்டும், பந்தல் போட்டு மேளம் வாசிக்கிற வீட்டில் யார் தப்பாக நினைக்கப்போகிறார்கள் என்று ஓட்டிக்கொண்டே போய்விட்டார்.

நான் அந்தப் பந்தலில் இருந்தேன். முதலில் தவில்காரர் கை நின்றது. அவரும் எங்கள் பக்கத்து ஆள். அப்புறம் நாதசுரம் பாதியில் தொங்கியது. சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் "ஐயோ, எங்கண்ணன்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பெண் வீட்டார் தங்கள் ஆட்களை எண்ணினார்கள். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஆட்களை எண்ணினார்கள். மூலையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை நாலு பேர் சேர்ந்து உலுக்கினார்கள், அவர் எழுந்து தானும் அழ ஆரம்பித்தார். அண்ணாச்சி கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை வைத்துக்கொண்டு நடுப்பந்தலில் நின்றார்.

"யாரும் சாவலவே! நான் மொய் செய்ய வந்தேன்!"

"மறைக்காதீய அண்ணாச்சி. யாருன்னு சொல்லிருங்க. தாங்கிக்கிடுதோம்."

நம்ப வைப்பதற்குள் முகூர்த்தம் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் அண்ணாச்சிக்குப் பத்திரிகை வராமலில்லை. கொடுப்பவர்கள் கூடவே, "நீங்க செரமப்பட்டு வர வேண்டாம் அண்ணாச்சி, முட்டியப் பாத்துக்கிடுங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் அதற்கும் சரி சரி என்று தலையாட்டினார். கடைச் சுவரில் ஆணியடித்து அந்தப் பத்திரிகைகளை வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். எனக்கு அந்த ஆணியைப் பார்க்கவே பிடிக்காது.

அதோடு போயிருந்தால் அவர் அந்தப் பழைய வண்டியோடேயே மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் அந்த வருஷ மழைக்காலத்தில் லேபர் கேம்ப்பில் பேச்சியம்மாள் என்று ஒரு கிழவி காலையில் செத்துப்போனாள். ஒரே மகள், அம்பர்நாத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அண்ணாச்சி வண்டியை மிதித்தார், மிதித்தார், இருபது தடவை மிதித்தார். இருபத்தோராவது மிதியில் கிக்கர் திருப்பி அடித்து, இருக்கிற முட்டியும் போயிற்று. நாலு பேர் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. தானா தாண்டி தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்றுவிட்டது. கிளட்சைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. மழையில் ரோட்டோரம் நின்று, போகிற லாரிக்காரர்களைக் கும்பிட்டுக் கும்பிட்டு நின்றதில் ஒருவன் இரங்கி வந்து வண்டியைக் கிளப்பிக் கொடுத்தானாம். அம்பர்நாத் போய்ச் சேரும்போது மணி மூன்று.

மகள் ரயிலைப் பிடித்து வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவள் அண்ணாச்சியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நனைந்துபோய் வாசலில் நின்றவரைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கம்மா என்ன சேல கெட்டியிருந்தா அண்ணாச்சி?"

"கவனிக்கலியே தாயி" என்றார் அண்ணாச்சி.

மூன்று நாள் கடை திறந்திருந்தது, ஒரு டியூபும் ஒட்டவில்லை. என் அப்பா தினமும் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருப்பார். மில்லில் தறிக்காரர்களை மேய்க்கிற ஜாபராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அண்ணாச்சிக்கு உரக்கப் படித்துக் காட்டுவது அவருடைய வேலை. அண்ணாச்சி கேட்கிறாரா இல்லையா என்பதைப் பற்றிக் கவலைப்படமாட்டார். நாலாம் நாள் அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"ஒண்ணு, இந்தச் சோலிய விடும். இல்ல, இந்த வண்டிய விடும்."

"சோலிய விட்டா யாரு போவா?"

"அப்ப வண்டிய விடும்."

"வண்டிய விட்டா, நடந்தாவே போவச் சொல்லுதீரு?"

"லேசா ஒரு வண்டி வாங்கும்வே. ஒலகத்துல வேற வண்டியே இல்லையா?"

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ஆபீஸ் அரை நாள். இங்கிலீஷ் படித்தவன் என்கிற ஒரே குற்றத்துக்காக என்னையும் இழுத்துக்கொண்டு அப்பாவும் அண்ணாச்சியும் டவுனில் ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்குக் கிளம்பினார்கள். கடைக்காரர் ஒரு பார்சிக் கிழவர். டை கட்டியிருந்தார். எந்த வேலைக்கு வண்டி வேண்டும் என்று இந்தியில் கேட்டார்.

"மௌத் கா கபர் தேனே கா" என்றார் அண்ணாச்சி, சாவுச் செய்தி கொடுக்க என்று அர்த்தம். பார்சிக் கிழவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வியாபாரி வியாபாரிதான். "எல்லா வண்டியும் அதற்குப் போகும்" என்றார்.

முதலில் மெட்ராஸில் செய்த வண்டி. பழைய வண்டிக்குத் தம்பி மாதிரி, அதே 'டுப் டுப்'. அண்ணாச்சி முகம் மலர்ந்தது. ஏறி உட்கார்ந்தார். பாதம் தரையில் படவில்லை, கட்டைவிரல் மட்டும்தான் பட்டது. அப்பா, "எறங்கும், ஒமக்குக் காலு நீளணும், இல்ல வண்டி சின்னதாவணும்" என்றார். இறங்கி அதைப் பத்தடி பின்னால் தள்ளிப் பார்க்கச் சொன்னார். அண்ணாச்சி மூன்று அடியிலேயே நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது ஸ்கூட்டர். உட்காரவும் சுகம், காலை மடக்கவும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. ஆனால் கிளட்சும் கியரும் கையில். பெயர் எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார் பார்சிக் கிழவர். அண்ணாச்சி காத்திருப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர் கவலை வேறு.

"பொண்டாட்டிய பொறத்தால வச்சி சினிமாவுக்குப் போற வண்டியில்லாடே இது! இதுல போயி நின்னு, ஒங்கப்பன் செத்துட்டான்னு சொன்னா எவன் நம்புவான்? செத்தவனுக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

மூன்றாவதாக மைசூரில் செய்த வண்டி. கொஞ்சம் உயரம் குறைவு, இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிந்தன. ஹேண்டில் நெஞ்சுக்கு நேராக வந்தது, குனிய வேண்டாம். அதில் அதிசயம் என்னவென்றால், காலால் கியரை மிதித்தாலே கிளட்ச் தானாக விட்டுக்கொடுக்கும். கையால் பிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. அண்ணாச்சி நம்பாமல் நாலு தடவை மிதித்துப் பார்த்தார். வீங்கிய விரல் இரண்டைச் சும்மா அந்தக் கிளட்ச் கம்பிமேல் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். வீங்கிக் கிடந்த முட்டியோடு ஒரே மிதி, வண்டி கிளம்பிவிட்டது.

சத்தம்தான் அப்பளம் பொரிகிற மாதிரி இருந்தது. வண்டி மாதுளம்பழச் சிவப்பு, டாங்க் இரண்டு பக்கமும் வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளப்பு. அண்ணாச்சி சிரிப்பு போய்விட்டது. எஞ்சின் ஓட ஓட, விறைப்பாக உட்கார்ந்து, கடைக் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துத் துட்டி சொல்லுகிற முகத்தை வைத்துக்கொண்டார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்படியிருக்கு?"

"மாப்பிள்ள மாதிரி இருக்கு" என்றார் அப்பா. "முட்டி எப்படியிருக்கு?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இதுதான். ஒம்ம மூஞ்சியில மரியாத இருந்தாப் போதும். வண்டியில வேண்டாம்."

கறுப்புதான் வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டுப் பார்த்தார். இல்லை என்றார் பார்சிக் கிழவர். இப்படியாகத் தாராவியின் சாவுச் செய்திக்குச் சிவப்பு வண்டி வந்து சேர்ந்தது.

வாங்கி ஒரு வாரம்தான் இருக்கும். பக்கத்து வரிசை வீடுகளில் முத்தையா என்பவர் போய்விட்டார். செம்பூரில் தங்கை சண்முகத்தாய் இருந்தாள். அண்ணாச்சி ஒரே மிதியில் கிளம்பினார். வலியில்லை. கால் மணி நேரத்தில் செம்பூர் போய்விட்டார். வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் அவர் எந்தச் சாவையும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

யாரும் அழவில்லை. அந்தச் சத்தத்தை யாருக்கும் தெரியாதே! அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. சண்முகத்தாய் வாசலுக்கு வந்து பார்த்தாள், வாயெல்லாம் பல்.

"எக்கா, இங்க வந்து பாருங்க! அண்ணாச்சி புது வண்டி வாங்கியிருக்காவ! வாங்க அண்ணாச்சி, வாங்க! எங்கண்ணன் சொல்லவேயில்லியே!"

சுற்றியிருந்த சனம் அத்தனையும் கூடிவிட்டது. சண்முகத்தாய் உள்ளே ஓடி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். முன் விளக்குக்குச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். சூடம் காட்டினாள். "எடுங்க அண்ணாச்சி, பழம் நசுங்கட்டும்" என்றாள். அண்ணாச்சி வண்டியை எடுத்துப் பழத்தை நசுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். காப்பி வந்தது. துட்டி சொல்லப் போன வீட்டில் அண்ணாச்சி அன்றைக்குத்தான் முதல் முதலாகக் காப்பி குடித்தார்.

குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

அன்று எனக்கு ஆபீஸ் லீவு, நான் அப்பாவோடு பஞ்சர் கடை முன்னால் நின்றிருந்தேன். "சொல்லியாச்சாவே?" என்று அப்பா கேட்டார்.

"காப்பி நல்லா இருந்துச்சி" என்றார் அண்ணாச்சி.

"சொல்லியாச்சான்னு கேக்கேன்."

அண்ணாச்சி வண்டியை விட்டு இறங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவுமில்லை. "அந்தப் புள்ள சிரிச்சிக்கிட்டே வந்தாவே. நான் எப்படிச் சொல்லட்டும்? எனக்கு அது தெரியாதே! இதுவரைக்கும் நான் யாருட்டயும் சொன்னதே இல்லையே. வண்டில்லா சொல்லிச்சி!"

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. அவர் சொன்னது வாஸ்தவம். இருபது வருஷமாக அவர் போவதற்கு முன்னாலேயே அந்த 'டுப் டுப்' போய்ச் சொல்லிவிட்டிருந்தது. அவர் போய் நின்று பேரையும் நேரத்தையும் படித்தார், அவ்வளவுதான். பட்டாளத்தில் கற்ற வேலையில் மூடிய கடிதத்தைக் கொடுப்பதுதான் உண்டு, பிரித்துப் படிப்பது கிடையாது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். "எடும்வே வண்டிய" என்றார்.

சண்முகத்தாயிடம் அப்பாதான் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் தெரியாது, அவர் சந்து முனையில் வண்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். சண்முகத்தாய் நேரத்துக்கு வந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள். வண்டி விளக்கில் அவள் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. அண்ணாச்சி அதைத் துடைக்கவும் மனசில்லாமல், பார்க்கவும் மனசில்லாமல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தார்.

அன்றிலிருந்து அவர்கள் இருவர். ஓட்டுகிறது ஒருவர், சொல்லுகிறது ஒருவர். அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. மில்லில் முந்நூறு தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையால் இவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள்ளே போய் உட்காருவார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்புவார். அப்புறம் சொல்லுவார். யாராவது மயங்கி விழுந்தால் தெளிந்த பிறகுதான் எழுந்து வருவார். "நீங்க ரெண்டு பேரும் வந்தா, சாவுகூட பதனமா வருது" என்று அம்பர்நாத்தில் ஒரு அம்மாள் சொன்னாளாம். இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று இரண்டு பேரும் ஒரு வாரம் கடையில் தர்க்கம் செய்தார்கள்.

ஒரு நன்மையும் வந்தது. இந்த வண்டிச் சத்தத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. அண்ணாச்சி மீன் வாங்க ஓட்டிக்கொண்டே போனார். கல்யாணத்துக்கு ஓட்டிக்கொண்டே போனார். முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, இலையை எடுக்கவிடாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். 

இப்படி எட்டு மாதம் ஓடியிருக்கும். இலவச சர்வீஸ் கார்டில் இங்கிலீஷில் எதையாவது நிரப்ப வேண்டும் என்று அண்ணாச்சி அடிக்கடி பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இருந்த என் ஆபீசுக்கு வருவார். முட்டியால் மாடி ஏற முடியாது. கீழே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு பியூனிடம் சொல்லி அனுப்புவார். சில நாள் அப்பாவும் பின்னால் உட்கார்ந்திருப்பார். நான் இறங்கிப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று பேருமாக ஈரானி ஓட்டலில் டீ குடிப்போம்.

ஒருநாள் அவர் மூன்று மாடியும் ஏறி வந்திருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன், மேஜைக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். பெரிய மனுஷர் மாதிரி உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, மாடியெல்லாம் ஏறிட்டீங்க! முட்டி தேவலையா?"

"தேவலடே."

"வண்டி?"

"வண்டிக்கென்ன" என்றார். அப்புறம் பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கிளட்ச் எவ்வளவு லேசாக இருக்கிறது, செயினுக்கு எண்ணெய் எத்தனை நாளுக்கு ஒரு தடவை விடுகிறார், மழையில் பிளக்கைத் துடைத்துவிட்டால் எப்படி ஒரே மிதியில் கிளம்புகிறது, சீட்டுக்கு அடியில் இன்னொரு மடிப்பு பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார், பின்னால் உட்காருகிறவருக்கு இடுப்பு வலிக்கக் கூடாதல்லவா, எல்லாம் சொன்னார். "ஒங்கப்பா சொன்னது சரிதாண்டே. இந்த வண்டிதான் எனக்கு. நான்தான் நெறம் நெறம்னு கெடந்து மல்லுக்கட்டுனேன்." ஐந்து நிமிஷம் இருக்கும். அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. மாடி ஏறிய களைப்பு என்று நினைத்தேன். வேலை கெடுகிறதே என்று சுவர்க் கடிகாரத்தைக்கூட ஒரு தடவை பார்த்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

"அப்பா கீழ நிக்காங்களா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திரும்பவும் வாயைத் திறந்தார். பேர் சொல்லத் தெரியும் அவருக்கு, நேரம் சொல்லத் தெரியும். அந்தப் பேரை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. வலது கையை நீட்டி டைப்ரைட்டர் மேல் இருந்த என் கைமேல் வைத்தார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன், அப்பா முகத்தைப் பார்த்தேன், அதெல்லாம் நடந்தது. ஆனால் அந்த ஆபீஸ் மேஜையில், முண்டும் முடிச்சுமாக வீங்கிக் கிடந்த அந்த விரல்களை என் பலம் முழுவதையும் கொண்டு நசுக்கிப் பிடித்திருந்தேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது. வலியில் அவருக்கு உயிர் போயிருக்கும், ஆனால் நானாக விடுகிற வரைக்கும் அண்ணாச்சி கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.